அட்டையில் அகப்பட்ட நீர்மூழ்கி

வட துருவத்தில் எண்ணெய்க்காக இரண்டு நாடுகள் முட்டிக்கொண்ட விவகாரம், ஒரு சாதாரண வீட்டின் முன்னறையில் விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

பயப்படாதீர்கள், முட்டிக்கொண்டது நிஜத்தில் இல்லை. 'உறைபனியில் ஒரு தீக்குச்சி' என்ற பாக்கெட் நாவலில். செங்கொடி நாடும் நீலக்கொடி நாடும் பனிக்கு அடியில் கிடக்கும் எண்ணெய்க்காக நீர்மூழ்கிகளை விட்டு அடித்துக்கொள்ளும் கதை. நாளைக்குக் கடைகளில் தொங்க வேண்டிய நாவல், இப்போது கட்டுக் கட்டாகக் கிடங்கில் சீல் வைத்துக் கிடந்தது. அதை எழுதிய மனிதர் தன் சொந்த வீட்டு நாற்காலியில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கைதியாக உட்கார்ந்திருந்தார்.

எதிரே கடற்படையின் பாதுகாப்பு அதிகாரி. வெள்ளைச் சீருடையில் மருந்துக்குக்கூட ஒரு சுருக்கம் கிடையாது. கையில் நாவலின் பிரதி ஒன்று.

"கடைசியா கேக்கறேன். இந்த அட்டையில இருக்கறது எங்க புதுப் படகு. அது தண்ணியில இறங்கினதே வெளியில யாருக்கும் தெரியாது. மேல பாருங்க, கொண்டை மாதிரி ஒரு பல்வரிசை. பின்பக்கமா சாஞ்சு இருக்கு. உலகத்துல வேற எங்கயும் இந்த அமைப்பு இல்ல. உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. எல்லாம் என் கற்பனை," என்றார் எழுத்தாளர். குரலில் பயம் பாதி, பெருமை பாதி.

சுவரோரம் நின்ற மேடம் அந்தப் பெருமையைக் கவனித்தாள். மேடம் என்றால் ஊருக்கே மேடம்தான். துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி, தலைமை அதிகாரி, சமயத்தில் பெருக்குகிறவளும் அவளே. கூட நின்றவன் அவளுடைய உதவியாளன் சோடா. மூடியைத் திறந்தால் பொங்கிவிடும் வாய் என்பதால் அந்தப் பெயர். இருவரையும் காலையில் அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டது எழுத்தாளரின் மனைவி.

மூடி திறந்தது. "சார், கப்பல்னா எல்லாம் கொஞ்சம் ஒரே ஜாடையில தானே இருக்கும்?"

"கப்பல் இல்ல. படகு."

"இவ்வளவு பெரிசா இருந்துமா?"

"ஊரளவு இருந்தாலும் சரி. நீர்மூழ்கியில வேலை பார்த்தவங்க அதைக் கப்பல்னு சொல்லமாட்டாங்க. படகுதான்." சொல்லிக்கொண்டே அதிகாரி எழுந்து, சுவரில் லேசாகச் சாய்ந்திருந்த கடிகாரத்தை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். தான் அதைச் செய்தது அவருக்கே தெரியாது போலிருந்தது.

"படத்தைக்கூட விட்டுடலாம்," என்று பக்கத்தைப் புரட்டினார். "இதைக் கேளுங்க. 'நிமிர்ந்து நின்ற பற்கள் பனியில் மாட்டிக்கொண்டு முறியும். சாய்ந்த பற்களோ பனியைக் கீறி, வழுக்கி, படகுக்கு மேலே வழிவிடும்.' பல்லு ஏன் சாஞ்சிருக்குன்னு எங்க இன்ஜினியர்கள் சொல்ற காரணம் இதுதான். அப்படியே இருக்கு. இதையும் கற்பனைன்னு சொன்னா நான் நம்பணுமா?"

எழுத்தாளர் தாடையை உயர்த்தினார். "கற்பனைக்கு எல்லை கிடையாது சார்."

"ஜெயிலுக்கு உண்டு. சாயங்காலம் வண்டியோட வரேன். யார் சொன்னாங்கன்னு அதுக்குள்ள தெரிஞ்சா அந்த ஆளைக் கூட்டிட்டுப் போறேன். தெரியலைன்னா உங்களை. ரகசியச் சட்டம். ஜாமீன் கிடையாது, பார்க்க யாரையும் விடமாட்டாங்க."

அதிகாரி போனார். வாசலில் ஒரு காவலரை மட்டும் நிறுத்திவிட்டுப் போனார்.

மேடம் எழுத்தாளரின் பக்கம் குனிந்தாள். "சார், என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க."

அவர் ஒரு நொடி வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் மனைவி நிற்பதைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "கற்பனைதான் மேடம்."

வெளியே வந்தபோது மனைவி கேட் வரை கூடவே ஓடிவந்தாள். "மேடம், அவருக்கு எறும்பு கடிச்சாலே ஊரைக் கூட்டுவார். உள்ள போனா தாங்கவே மாட்டார். எங்க வீட்டுக்கு வர்ற வழியையே ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சுட்டு வர்ற மனுஷனுக்கு, கடற்படை ரகசியம் எங்கேருந்து கிடைக்கும்?"

"எழுதறப்போ யாராவது வருவாங்களா? போன் பேசுவாரா?"

"கதவைச் சாத்திக்குவார். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கற்பனை கலைஞ்சுடுமாம்." சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. "எப்படியாவது அவரை எனக்கு மீட்டுக் கொடுத்துடுங்க."

மேடம் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

* * *

காரை சோடா ஓட்டினான். மேடம் நாவலை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாரும் பாக்கெட் நாவலைப் படிக்காத மாதிரி படித்தாள். அதாவது, ஒரு வரி விடாமல்.

"சோடா, கேளு. 'துருவத்தில் ஆறு மாதம் இரவு. சூரியன் எட்டியும் பார்க்காத கும்மிருட்டு. ஆனாலும் வானில் சிவப்பாக ஓர் உருண்டை தொங்கியது. அது நீலக்கொடி நாட்டார் சுட்ட ஒளிக்குண்டு. விசேஷ வாயு நிரப்பப்பட்டதால், அது கீழே விழாமல் நின்ற இடத்திலேயே நின்றது.'"

"எங்க மாமனாருக்கும் அந்த விசேஷ வாயு இருக்கு மேடம். ஆனா அவரால ஒரு இடத்துல நிக்க முடியாது."

"அடுத்தது. 'கல்யாண உடையிலேயே உளவுக்காரி பனியில் குதித்தாள். மாற்றிக்கொள்ள நேரமில்லை.'"

"ஸ்வெட்டர் போட நேரமில்ல. பூச்செண்டு எடுத்துக்க மட்டும் நேரம் இருந்திருக்கு பாருங்க." சோடா எட்டி அட்டையைப் பார்த்தான். வெள்ளைப் பனியைப் பிளந்துகொண்டு சாம்பல் நிற நீர்மூழ்கி. பக்கத்தில் வெள்ளை உடையில் பூச்செண்டோடு ஒரு மணப்பெண். மேலே பளபளவென்று ஒரு சிவப்பு உருண்டை.

"ரோட்டைப் பாரு."

"பார்க்கறேன். ரோட்டுல மணப்பெண் இல்லையே."

மேடம் சிரிக்கவில்லை. விரலை அட்டையின் மேல் தட்டிக்கொண்டிருந்தாள். "இந்தப் பனியோட ஓரத்தைப் பாரு. சங்கு சங்கா, வரிசையா, ஒரே அளவுல சுருண்டு இருக்கு. அதுக்கும் ஒரு வரி எழுதியிருக்கார். 'அலைகள் அடித்த வாக்கிலேயே உறைந்து, சங்கு வரிசையாக நின்றன.' சோடா, உன் சொந்தப் பையன் அடுத்தவங்க வீட்டுச் சோபாவுல ஏறிக் குதிச்சா என்ன பண்ணுவே?"

"முதுகுல ரெண்டு வைப்பேன்."

"விருந்தாளியோட பையன் உன் வீட்டுச் சோபாவுல குதிச்சா?"

"சின்னப் பையன்தானே, சோபா அழுக்காதான் இருந்துச்சு, துவைக்கணும்னுதான் இருந்தோம்னு நூறு சாக்கு சொல்வேன்."

"அதான். தன் மண்டையில தானா தோணின விஷயத்துக்கு யாரும் இவ்வளவு சாக்கு சொல்ல மாட்டாங்க. துருவத்துல ஆறு மாசம் ராத்திரின்னு இவருக்கு நல்லா தெரியும். அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு வானத்துல ஒரு உருண்டையைத் தொங்க விட்டு, அது ஏன் விழலைன்னு விளக்கமும் கொடுக்கணும்? மணப்பெண்ணுக்கு ஒரு சாக்கு, பனிக்கு ஒரு சாக்கு, கொண்டை ஏன் சாஞ்சிருக்குன்னு அதுக்கும் ஒண்ணு. எல்லாமே அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் சோடா."

சோடா பிரேக்கைப் போட்டான். பின்னால் வந்த வண்டிக்காரன் திட்டிக்கொண்டே போனான். "மேடம்! கதையைப் பார்த்து படம் போடலை. படத்தைப் பார்த்து கதை எழுதியிருக்கார்!"

"வண்டியை பதிப்பாளர் ஆபீசுக்கு விடு."

* * *

பதிப்பாளர் முழி பிதுங்க உட்கார்ந்திருந்தார். சீல் வைத்த கிடங்கின் சாவி போன துக்கம் அவருக்கு. மேடம் கேட்டதும் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது தொழில் ரகசியம் மேடம்."

"இன்னிக்கு எல்லாருக்கும் ஒரு ரகசியம்," என்றான் சோடா. "என்கிட்டதான் ஒண்ணும் இல்ல. ஏதாவது கொடுங்க சார்."

பதிப்பாளர் பெருமூச்சு விட்டார். "கலர் அட்டையை ஒவ்வொண்ணா அடிச்சா கட்டுப்படியாகாது. ஒரே பெரிய தாள்ல எட்டு அட்டையைச் சேர்த்து அடிச்சு வெட்டிடுவோம். அதனால அட்டைகள் ரொம்ப முன்னாடியே தயாராயிடும். தலைப்பும் நானே வெச்சிடுவேன். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு அட்டையை அனுப்பி, இதுக்கு ஏத்த மாதிரி எழுதுங்கன்னு சொல்வேன். அட்டையில துப்பாக்கி இருந்தா கதையில சுடணும். பொண்ணு அழுதா கதையில யாராவது சாகணும். இந்தத் தொழில்ல இருக்கறவங்க அத்தனை பேரும் இப்படித்தான். ஆனா நம்ம ஆள் மட்டும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அவர் சம்சாரத்துக்கு அவர் மேல பெரிய மதிப்பாம். எல்லாம் மண்டையிலிருந்து ஊத்து மாதிரி வருதுன்னு நினைச்சுட்டு இருக்காங்களாம்."

"அந்த மதிப்புக்காக மனுஷன் ஜெயிலுக்குப் போறார்," என்றாள் மேடம். எரிச்சலாகச் சொன்னாள். "அட்டைக்கு எழுதறேன்னு அந்த அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலையிலயே தப்பிச்சிருப்பார்."

"சம்சாரம் பக்கத்துல நிக்கறப்போ எப்படி மேடம் சொல்வார்? எனக்குப் புரியுது. நான்கூட வீட்டுல நல்லா ஓட்டறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்," என்றான் சோடா.

"படம் போட்டது யாரு சார்?"

"ரெண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி இருக்கு. மாடியில இருக்கார் நம்ம ஓவியர்."

மேடத்தின் விரல் அட்டையில் தட்டுவதை நிறுத்தியது. "பேக்கரி மாடியா?" என்று கேட்டுவிட்டு, சிவப்பு உருண்டையைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அதன் மேல்பக்கத்தில், முடி அளவுக்கு மெல்லியதாக, வளைந்த ஒரு சின்னக் காம்பு.

* * *

பேக்கரிக்குள் நுழைந்ததும் சோடா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான். "மேடம், விசாரணையை இங்கயே ஒரு வாரம் வெச்சுக்கலாம்."

மாடி காலியாக இருந்தது. ஓவியரைக் கண்டுபிடித்தது கீழே, சமையல் கட்டில். கையில் வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியோடு, கால்பந்து வடிவத்தில் இருந்த ஒரு கேக்குக்குக் கறுப்புக் கட்டம் அடித்துக்கொண்டிருந்தார். அட்டைப் படம் போடாத நேரத்தில் கேக்குக்கு வண்ணம் அடிப்பது அவருடைய உபதொழில். பக்கத்தில் கேக் மாஸ்டர் ஒரு துணிக் குழலைப் பிதுக்கி, தட்டின் ஓரமெல்லாம் வெள்ளைக் கிரீமைச் சங்கு சங்காக வைத்துக்கொண்டே போனார். சோடா அதைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். மறுபடி தட்டைப் பார்த்தான்.

"துருவம்!" என்றான் வாயைப் பிளந்து.

"நான் எதையும் பார்க்காம ஒரு கோடு போடமாட்டேன்," என்றார் ஓவியர், மேடம் கேட்டதற்கு. அதில் அவருக்கு ஒரு கர்வம். "வட துருவம், எண்ணெய்ச் சண்டை, நீர்மூழ்கின்னு பதிப்பாளர் சொல்லிட்டுப் போயிட்டார். நான் கடலையே பார்த்ததில்லை. பனின்னா ஃப்ரிட்ஜுல பார்த்திருக்கேன். அந்த வாரம்தான் இங்க ஒரு நீர்மூழ்கி கேக் வந்தது. நான்தான் சாம்பல் கலர் அடிச்சேன். கிரீமுக்கு நடுவுல எழும்பி வர்ற மாதிரி இருந்தது. அப்படியே பார்த்து வரைஞ்சுட்டேன். மேல ஒரு செர்ரிப் பழம் வெச்சிருந்தாங்க, அதையும் விடலை."

"மணப்பெண்?"

"அது பக்கத்துத் தட்டுல இருந்த கல்யாண கேக்கு. மேல நிக்கற பொம்மை."

"மாப்பிள்ளை எங்கய்யா?" என்றான் சோடா.

"அவர் வர்றதுக்குள்ள தாள் முடிஞ்சுடுச்சு."

எந்த நிமிடத்திலும் சிரித்துவிடலாம் என்றிருந்தது மேடத்துக்கு. ஆனால் கேட் அருகே கலங்கிய எழுத்தாளர் மனைவியின் கண் ஞாபகம் வந்தது. இதுவரை தெரிந்தது எழுத்தாளரைக் காப்பாற்றும், ஆனால் அவருக்குப் பதில் இந்த அப்பாவி ஓவியரை வண்டியில் ஏற்றிவிடும். கேக் மாஸ்டரிடம் திரும்பினாள்.

"மாஸ்டர், அந்தக் கேக்கை ஆர்டர் கொடுத்தது யாரு?"

"ஐயையோ, அந்தக் கப்பல் கேக்கா?" மாஸ்டர் குழலைக் கீழே வைத்தார். "மறக்க முடியுமா? பேரெல்லாம் தெரியாது. மாமூலா சட்டை பேன்ட் போட்டுட்டு வந்தார். மேல கொண்டை மாதிரி பல்வரிசை வேணும்னார். நான் பாதாமைச் சீவி, நேரா நிமிர்த்தி வரிசையா குத்தி வெச்சிருந்தேன். சரியா வந்திருக்கான்னு பார்க்க முதல்நாளே வந்தவர் அதைப் பார்த்தார் பாருங்க, முகமே கோணிடுச்சு. பேசவே இல்லை. விரலை நீட்டி ஒவ்வொரு பாதாமையா பின்னாடி சாச்சார். கடைசிப் பாதாம் சாயற வரைக்கும் மூச்சுகூட விடலை. அப்புறம்தான் முகம் தெளிஞ்சது. மறுநாள் எடுத்துட்டுப் போறதுக்குள்ள நம்ம ஓவியர் அதை வரைஞ்சுட்டார்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"போறப்போ என் விலைப் பலகை கோணலா இருக்குன்னு நேரா மாட்டிட்டுப் போனார். நான் சும்மா இல்லாம, 'யாருக்கு சார் பிறந்தநாள், கப்பல் கேக் வாங்கறீங்க'ன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"பிறந்தநாளைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. 'கப்பல் இல்ல, படகு'ன்னார்."

சோடாவின் கையிலிருந்த பன் கீழே விழுந்தது. எப்போது எடுத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"மேடம்," என்றான் மெதுவாக. "காலையில நம்ம எதிர்ல உக்காந்து ஜெயிலுக்கு எல்லை உண்டுன்னு சொன்ன வாய் அது."

"தெரியும்." மேடம் கைப்பையை மேசை மேல் வைத்தாள். "மாஸ்டர், அதே கேக். இன்னொண்ணு. சாயங்காலத்துக்குள்ள வேணும். பாதாமை மட்டும் நீங்க முதல்ல வெச்ச மாதிரியே வையுங்க. நிமிர்த்தி."

* * *

திரும்பும்போது மேடம் ஓட்டினாள். சோடா கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை வேறு பக்கம் திருப்பியிருந்தான்.

"மேடம், ஒரு சந்தேகம். அவர்கிட்ட துப்பாக்கி இருக்கு, வண்டி இருக்கு, சட்டம் இருக்கு. நம்மகிட்ட கேக்குதான் இருக்கு. அவர் நம்ம ரெண்டு பேரையும் ஓவியரோட சேர்த்து ஏத்திட்டா?"

"ஏத்தலாம்."

"இவ்வளவு நிதானமா சொல்றீங்க!"

"சுவத்துல கடிகாரம் சாஞ்சிருந்தாலே விடாத மனுஷன் சோடா. தப்பான ஆள் உள்ள போறதை மட்டும் விட்டுடுவாரான்னு பார்க்கணும்." நிதானமாகச் சொன்னாளே தவிர, இரண்டு தடவை கியரை மாற்றிப் போட்டாள்.

வீட்டு வாசலில் கடற்படை வண்டி வந்து நின்றிருந்தது. முன்னறையில் அதிகாரி, காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில். பக்கத்தில் குறிப்பெடுக்க ஓர் இளைய அதிகாரி. எழுத்தாளரின் காலடியில் ஒரு சின்னப் பெட்டி. அதில் மாற்றுத் துணி மடித்து வைத்திருந்தது மனைவிதான் என்பது, அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மேடம் எழுத்தாளரின் முன்னால் போய் நின்றாள். "சார், நாங்க பதிப்பாளரைப் பார்த்துட்டு வரோம். நீங்களே சொல்லிடறீங்களா? நான் சொன்னா நல்லா இருக்காது."

அவர் முகத்தில் இரத்தம் வற்றியது. ஜெயிலைப் பற்றிப் பேசியபோதுகூட அப்படி வற்றவில்லை. பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"படம்தான் சார் முதல்ல வரும். அதை முன்னாடி வெச்சுக்கிட்டு, அதுல இருக்கறதுக்கெல்லாம் ஒரு காரணம் கண்டுபிடிச்சு எழுதுவேன். அந்தப் படகை நான் கற்பனை பண்ணலை. எந்தப் படத்தையும் நான் கற்பனை பண்ணதில்லை." மனைவி பக்கம் திரும்பாமலே சொன்னார். "மன்னிச்சுடும்மா. உன்கிட்ட பெரிசா பேசி வெச்சுட்டேன்."

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைச் சொல்றதுக்கா ஜெயிலுக்குப் போகப் பார்த்தீங்க? கதவைச் சாத்திக்கிட்டு எழுதினா எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க வெளியில போனதும் அந்த ரூமைப் பெருக்கறது யாருங்க? மேசையில அட்டை இருக்கும், தாள் காலியா இருக்கும். நாலு நாள் கழிச்சுப் பார்த்தா அந்த அட்டையில இருக்கற ஆளுங்களுக்கெல்லாம் உயிர் வந்திருக்கும். எனக்கு மதிப்பு அதுலதாங்க. ஊத்தாம், கற்பனையாம்!" அழுதுகொண்டே திட்டினாள்.

எழுத்தாளர் காலடியில் இருந்த பெட்டியை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "அப்ப படம் போட்டவன்தான் ஆள்."

"எழுதிக்கட்டுமா சார்?" இளைய அதிகாரியின் பேனா தாளில் இறங்கிவிட்டது. "அட்டை ஓவியர், பேக்கரி மாடி..."

"ஒரு நிமிஷம்," என்றாள் மேடம். "அவர் பார்த்து வரைஞ்சதை நீங்களும் பார்த்துடுங்க. சோடா!"

சோடா பெட்டியைத் திறந்து, அதிகாரிக்கு நேர் எதிரே மேசையில் வைத்தான். வெள்ளைக் கிரீமின் நடுவே சாம்பல் நிற நீர்மூழ்கி. உச்சியில் ஒரு செர்ரி. முதுகில் நிமிர்ந்து நின்ற பாதாம் பற்கள்.

அதிகாரியின் முகம் கோணியது. கை தானாக நீண்டது. முதல் பாதாமைப் பின்னால் சாய்த்தார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் விரல் நின்றது.

கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, மேலே தொடவும் இல்லை. விரல் நுனியில் கிரீம் ஒட்டியிருந்தது. தன் விரலை வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல் பார்த்தார்.

"அன்னிக்கு அந்தக் கேக்கை வெட்ட வந்தவங்க எல்லாரும் எங்க ஆளுங்க," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "படகு முதல் தடவை நல்லபடியா முங்கி எழுந்தது. சந்தோஷம் தாங்கலை. வெளியில யார்கிட்டயும் சொல்லவும் முடியாது. எங்களுக்குள்ள வெட்டி, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வெச்சுட்டோம். கேக் செஞ்சவர் ஒருத்தர் இருக்கார்னு எனக்குத் தோணவே இல்லை."

"அட்டையைப் பார்த்தப்போகூடவா சார்?" என்றான் சோடா. முதல் முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

"நான் படகைத்தான் பார்த்தேன். பனியைப் பார்க்கலை."

இளைய அதிகாரி நெளிந்தார். மிகவும் பணிவாக, "சார், இங்க நடந்தது நமக்குள்ள இருக்கட்டும். நான் ஓவியர்னே எழுதிடறேன்," என்றார்.

மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மனைவி கணவனின் தோளைப் பற்றினாள். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நேராக.

"எழுதாதே," என்றார் அதிகாரி. "அது தப்பு."

விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். தாளைத் தன் பக்கம் இழுத்து, எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார். அதன் கீழே தன் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் அச்சடித்த மாதிரி இருந்தன.

எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அந்த அட்டையைக் கிழிச்சுட்டு வேற போடச் சொல்லுங்க. கொண்டையைப் பத்தின வரியும் வேண்டாம். மத்தபடி கதை வரட்டும்." வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். "எழுத்தாளரே. பல்லு ஏன் சாஞ்சிருக்குன்னு அந்தக் காரணம். அது படத்துல இல்லையே. யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை சார். படத்தையே பார்த்துட்டு இருந்தேன். சும்மாவா சாஞ்சிருக்கும்னு தோணிச்சு. ஒரு மத்தியானம் யோசிச்சேன்."

"எங்க ஆளுங்களுக்குப் பல வருஷம் ஆச்சு," என்றார் அதிகாரி. சல்யூட் அடிக்கிறாரோ என்று தோன்றும்படி கை பாதி உயர்ந்தது.

எழுத்தாளர் பெருமைப்பட முயன்றார். முடியாமல் மனைவியின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

வாசல் படியில் இறங்கிய அதிகாரிக்கு ஏதோ ஞாபகம் வந்தது. மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையில் அந்தக் கேக். மூன்று பற்கள் சாய்ந்து, மற்றவை நிமிர்ந்து. அவர் கை துடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் தொடவில்லை.

"அது அரசாங்க ரகசியம். வெளியில யார் கண்ணுலயும் படறதுக்குள்ள அழிச்சாகணும். இது உத்தரவு."

சோடா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். தன் வாழ்நாளில் எந்த உத்தரவையும் அவன் அவ்வளவு சீக்கிரம் நிறைவேற்றியதில்லை. ஆனாலும் முதல் துண்டை வெட்டுவதற்கு முன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாதாம்களை ஒவ்வொன்றாகப் பின்னால் சாய்த்துவிட்டுத்தான் கத்தியை வைத்தான்.